அல்ட்ராசோனிக் தொட்டியின் சத்தம்: எந்த இரைச்சலுக்கு எந்தக் குமிழி காரணம்?

காதுக்கு எட்டாத ஒலியால் தண்ணீரை அதிரவைத்துப் பொருட்களைச் சுத்தம் செய்யும் அல்ட்ராசோனிக் கிளீனர் 40 கிலோஹெர்ட்ஸில் (நொடிக்கு 40,000 அதிர்வு) ஓடும்போது பக்கத்தில் நின்றால் காதைக் குடையும் ஒரு 'ஸ்ஸ்ஸ்' கேட்கும். மனிதக் காதுக்கு 20 கிலோஹெர்ட்ஸ்தான் உச்சவரம்பு, அதுவும் சின்ன வயதில். நாற்பதைக் கேட்க வழியே இல்லை. அப்படியானால் காதில் விழுவது எது? தண்ணீருக்குள் வீங்கி நொறுங்கும் குமிழிகளின் சத்தம். மின்சாரத்தை அதிர்வாக மாற்றும் டிரான்ஸ்டியூசர் அவற்றைத் தூண்டிவிடுகிறது, அவ்வளவுதான்.

இதனால் ஒரு வசதி உண்டு. தொட்டிக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சத்தத்தை வைத்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம். ஆனால் சத்தம் எவ்வளவு பெரிது என்று பார்த்தால் ஏமாந்துபோவோம். அது எப்படிப்பட்ட சத்தம் என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

குமிழி மூன்று விதமாகச் சத்தம் போடும். லேசான அலையில் அது, டிரான்ஸ்டியூசர் ஓட்டும் அதிர்வெண்ணிலேயே சுருங்கி விரியும். அலை வலுத்தால் விரிவது நிதானமாகவும் சுருங்குவது வெடுக்கென்றும் ஆகிவிடும். இப்படி அலைவடிவம் கோணும்போது 80, 120, 160 என்று மடங்கு அதிர்வெண்களும் சேர்ந்துகொள்ளும். இவைதான் ஹார்மோனிக்குகள். இவற்றில் எதுவும் காதுக்கு எட்டாது. இரண்டாவது, ஓட்டும் அதிர்வெண்ணில் சரிபாதியில் எழும் சப்ஹார்மோனிக். அதைப் பற்றிக் கீழே விரிவாகவே சொல்கிறேன். மூன்றாவது இரைச்சல். குமிழி முழுசாக நொறுங்கும்போது ஒரு அதிர்ச்சி அலை கிளம்பும். அந்தத் துடிப்பு ஒரு மைக்ரோ நொடிகூட நீடிக்காது. துடிப்பு எவ்வளவு குறுகலோ அவ்வளவு அகலமாக அதன் ஸ்பெக்ட்ரம் (அதிலுள்ள அதிர்வெண்களின் பரவல்) விரியும். ஆயிரக்கணக்கான குமிழிகள் ஆளுக்கொரு நேரத்தில் நொறுங்குவதால், காது கேட்கும் எல்லையிலிருந்து மெகாஹெர்ட்ஸ் வரை ஒரே 'ஸ்ஸ்ஸ்'.

சோதனைக்கு அதிகம் தேவையில்லை: காது, ஸ்பெக்ட்ரம் காட்டும் ஆப் உள்ள ஒரு போன், மெல்லிய அலுமினியத் தாள், ஒரு தெர்மாமீட்டர். ஹைட்ரோபோன் (தண்ணீருக்குள் வைக்கும் மைக்) இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் ஒப்பேற்றலாம். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். தண்ணீரிலிருந்து காற்றுக்கு நேராகத் தாண்டும் ஒலியாற்றல் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குதான். வெளியே கேட்பதில் பெரும்பகுதி தொட்டிச் சுவரும் மூடியும் அதிர்ந்து அனுப்புவது. ஆகவே காதில் விழுவது தொட்டி வடிகட்டித் தந்த பதிப்பு. ஓடும் தொட்டிக்குள் விரலை விட்டுப் பார்க்கும் 'சோதனை' மட்டும் வேண்டவே வேண்டாம்.

புதுத் தண்ணீர் ஊற்றினேன், சத்தம் மந்தமாக இருக்கிறது

இது பழுது இல்லை, பொறுமை போதும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் குழாய்த் தண்ணீரில் ஏறக்குறைய 20 மில்லிலிட்டர் காற்று கரைந்திருக்கும். குமிழிக்குள் வெறும் நீராவி இருந்தால், சுருங்கும்போது அது மீண்டும் நீராகிவிடும். தடுக்க ஆளில்லாததால் குமிழியின் சுவர் முழு வேகத்தில் மையத்தை நோக்கிப் பாயும். உள்ளே காற்று இருந்தால் கதை வேறு. காற்று நீராகாது, கடைசி நேரத்தில் ஸ்பிரிங் மாதிரி எதிர்த்து நிற்கும். நொறுக்கம் மழுங்கும், அதிர்ச்சி அலை பலவீனமாகும், இரைச்சலில் கூர்மை இருக்காது.

ஓடவிட்டால் தொட்டி தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும். குமிழி விரிந்திருக்கும்போது அதன் பரப்பு பெரிது, சுற்றியுள்ள நீரிலிருந்து காற்று உள்ளே வரும். சுருங்கியிருக்கும்போது பரப்பு சிறிது, வெளியே போகும் காற்று குறைவு. ஒவ்வொரு சுழற்சியிலும் கொஞ்சம் லாபம் மிஞ்சும். இப்படிக் கொழுத்த குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து மேலே மிதந்து வெளியேறிவிடும். பத்துப் பதினைந்து நிமிடம் வெறுமனே ஓட்டுங்கள். பெரிய தொட்டிக்கு இன்னும் நேரம் ஆகும். விட்டு விட்டு ஓட்டினால் இன்னும் சீக்கிரம் முடியும், ஏனென்றால் நிறுத்தும் இடைவெளியில் குமிழிகள் தடையில்லாமல் மேலேறும். மந்தமான சத்தம் மெல்ல மெல்லப் பொரிவது போன்ற கூர்மையான இரைச்சலாக மாறும். அப்போது பொருட்களை உள்ளே வையுங்கள்.

அரை மணி நேரம் ஓடியும் மாறவில்லையா? எங்கிருந்தோ காற்று கலந்துகொண்டே இருக்கிறது. சுற்றோட்டப் பம்பு, அதன் குழாய் மூட்டு, மேலிருந்து விழும் தண்ணீர் என்று தேடுங்கள்.

சத்தமே இல்லை

நீர்மட்டம், ஃபியூஸ், கனெக்டர், அப்புறம் ஜெனரேட்டரின் (டிரான்ஸ்டியூசருக்கு மின்சாரம் தரும் பகுதி) மின்னோட்டம். இந்த வரிசையில் பாருங்கள். மின்னோட்டம் சரியாக ஓடியும் தொட்டி அமைதியாக இருந்தால், டிரான்ஸ்டியூசர் அதிர்வெண்ணும் ஜெனரேட்டர் அதிர்வெண்ணும் விலகியிருக்கலாம். அல்லது அடித்தட்டிலிருந்து ஒட்டு விட்டிருக்கலாம். டிரான்ஸ்டியூசருக்குப் போகும் மின்னழுத்தம் சில நூறு வோல்ட்டுக்குக் குறையாது. பிளக்கைப் பிடுங்காமல் அடிமூடியைத் திறக்காதீர்கள்.

இரைச்சலுக்கு மேலாக ஒரு தெளிவான விசில் கேட்கிறது

எனக்குப் பிடித்த அறிகுறி இது. முதலில் போன் ஆப்பில் அந்த விசிலின் அதிர்வெண்ணைப் பாருங்கள். 28 கிலோஹெர்ட்ஸ் தொட்டியில் அது 14 கிலோஹெர்ட்ஸிலும், 25இல் 12.5இலும் நின்றால், அது சப்ஹார்மோனிக். 40 கிலோஹெர்ட்ஸ் தொட்டியில் இது சரியாக 20இல் விழும். பெரியவர்களுக்குக் கேட்காது, பக்கத்தில் நிற்கும் சிறுவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். ஜெர்மனியைச் சேர்ந்த எஷே 1952இல் வெளியிட்ட அளவீடுகளிலேயே இந்தப் பாதி அதிர்வெண் பதிவாகியிருக்கிறது.

பாதி எப்படி வருகிறது? ஒரு சின்னக் கணக்குப் போட்டால் புரியும். வெற்றுக் குமிழி ஒன்று நொறுங்க எவ்வளவு நேரமாகும் என்பதற்கு ஆங்கிலேய இயற்பியலாளர் ரேலி 1917இல் ஒரு சூத்திரம் தந்தார்: ஆரத்தை, நீரின் அடர்த்தியை அழுத்தத்தால் வகுத்த வர்க்கமூலத்தால் பெருக்கி, அதை 0.915ஆல் பெருக்க வேண்டும். சாதாரண வளி அழுத்தத்தில், 0.1 மில்லிமீட்டர் ஆரம் வரை வீங்கிய குமிழி நொறுங்க ஏறக்குறைய 9 மைக்ரோ நொடி ஆகும். வீங்கவும் ஏறக்குறைய அதே நேரம், ஆக மொத்தம் 18. 40 கிலோஹெர்ட்ஸ் அலையின் ஒரு சுழற்சி 25 மைக்ரோ நொடி. அதற்குள் குமிழி வேலையை முடித்துக்கொண்டு அடுத்த சுழற்சிக்குத் தயாராகிவிடும். அதே குமிழி 0.15 மில்லிமீட்டர் வரை வீங்கினால்? 27 மைக்ரோ நொடிக்கும் மேல். அது நொறுங்கி முடிப்பதற்குள் அடுத்த சுழற்சி தொடங்கிவிடும். அந்தச் சுழற்சியை விட்டுவிட்டு அதற்கடுத்ததில்தான் மீண்டும் வீங்கும். இரண்டு சுழற்சிக்கு ஒரு நொறுக்கம், அதனால் பாதி அதிர்வெண். அலையின் அழுத்தத்தையே இதில் சேர்க்கவில்லை, ஆகவே தோராயக் கணக்குதான். ஆனாலும் விஷயம் பிடிபட இது போதும்.

ஓட்டும் வலுவை இன்னும் ஏற்றினால் பாதி மறுபடி பாதியாகும், கால் அதிர்வெண் தெரியும், பிறகு எல்லாம் கலங்கி வெறும் இரைச்சலாகிவிடும். ஒழுங்கிலிருந்து குழப்பத்துக்குப் போகும் இந்தப் பாதையை இயற்பியலாளர்கள் லாட்டர்போர்னும் கிராமரும் 1981இல் கேவிட்டேஷன் (குமிழிகள் பிறந்து நொறுங்கும் நிகழ்வு) சத்தத்திலேயே காட்டினார்கள். கேயாஸ் எனப்படும் இந்தக் குழப்பத்தைப் பற்றிய பேச்சு சூடுபிடித்திருந்த காலம் அது. தொட்டித் தண்ணீரில் அது காதால் கேட்கும்படி கிடைத்தது.

சரி, இது பழுதா? தனியாகப் பார்த்தால் இல்லை. கேவிட்டேஷன் நடக்கிறது என்பதற்கான சான்று அது. ஆனால் இதே பாதி அதிர்வெண் இன்னொரு வழியிலும் வரும். தளர்ந்த போல்ட், அடித்தட்டில் துள்ளும் கூடை, சரியாக உட்காராத மூடி போன்றவை இரண்டு அதிர்வுக்கு ஒருமுறை மோதினாலும் அதே விசில்தான். பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. கூடையையும் மூடியையும் எடுத்துவிட்டுக் கேளுங்கள். விசில் போனால் காரணம் தெரிந்துவிட்டது. போகாவிட்டால் தண்ணீரை ஒரு பிளாஸ்டிக் கோலால் மெல்லக் கலக்குங்கள். குமிழியிலிருந்து வரும் விசில் தடுமாறும், மங்கும், திரும்ப வரும். உலோகத்திலிருந்து வருவது அசையாமல் நிற்கும். வலுவைக் கூட்டிக் குறைக்கத் திருகு பொத்தான் இருந்தால் இன்னொரு சோதனையும் செய்யலாம். குமிழி விசில் ஒரு குறிப்பிட்ட வலுவில் திடீரென்று முளைக்கும். இறக்கும்போது, முளைத்த இடத்தைத் தாண்டிக் கொஞ்சம் கீழே போய்த்தான் மறையும். ஏற்கெனவே பிறந்த குமிழிகள் விதையாக மிஞ்சியிருப்பதே காரணம். தொட்டிச் சுவரின் சாதாரண ஒத்ததிர்வு என்றால் இப்படித் திடீரென்று தோன்றி மறையாது, வலுவோடு சேர்ந்து படிப்படியாகவே ஏறி இறங்கும்.

'ர்ர்ர்' என்று தாழ்ந்த உறுமல்

மின்சாரத்தின் கைவரிசை. பல ஜெனரேட்டர்கள் மின்வலையிலிருந்து வரும் மின்னோட்டத்தை முழுசாகச் சமன்படுத்தாமலேயே அலையாக மாற்றுகின்றன. அதனால் மீயொலியின் (அல்ட்ராசோனிக் ஒலியின்) வலு நொடிக்கு 100 முறை (60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாடுகளில் 120 முறை) ஏறி இறங்கும். குமிழிகளும் அதற்கேற்பக் கூட்டம் கூட்டமாகப் பிறந்து நொறுங்கும். இரைச்சல் துண்டு துண்டாகக் கேட்பதுதான் உறுமலாகத் தோன்றுகிறது. முதல் நாளிலிருந்தே இருந்தால் அது அந்த இயந்திரத்தின் வடிவமைப்பு, விட்டுவிடுங்கள். நடுவில் கிளம்பியதென்றால் ஜெனரேட்டரில் மின்னோட்டத்தைச் சமன்படுத்தும் ஃபில்டர் கெப்பாசிட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். 100 இருந்த இடத்தில் 50 வந்துவிட்டதா? பிரிட்ஜ் ரெக்டிஃபையரில் (மாறுமின்னோட்டத்தை நேராக்கும் பகுதி) ஒரு டயோடு போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சத்தம் பலம், ஆனால் அழுக்கு போகவில்லை

இங்கேதான் பலரும் வலுவை இன்னும் ஏற்றிப் பார்ப்பார்கள். நிலைமை மோசமாகும்.

டிரான்ஸ்டியூசர் ஒட்டியிருக்கும் தட்டுக்குப் பக்கத்தில் அலை மிக வலுவாக இருக்கும். வலுவை ஏற்ற ஏற்ற அங்கே குமிழிகள் மேகமாகத் திரளும். குமிழி கலந்த நீர் ஒலிக்கு நீராகவே நடந்துகொள்ளாது. பருமனில் 1 சதவீதம் மட்டும் காற்றுக் குமிழிகள் இருந்தாலே, நொடிக்கு 1480 மீட்டராக இருந்த ஒலியின் வேகம் ஏறக்குறைய 120 மீட்டருக்கு விழும். காற்றில் ஒலி செல்லும் வேகத்தைவிடவும் குறைவு! நீரின் அடர்த்தியும் காற்றின் அமுங்கும் தன்மையும் ஒரே ஊடகத்தில் சேர்ந்துவிடுவதால் வரும் விளைவு இது. அந்த மேகத்தின் எல்லையில் அலை சிதறும், திரும்பும், உள்ளேயே உறிஞ்சப்படும். தட்டுக்கு அருகில் அமர்க்களமான நொறுக்கம், சுவர் வழியாக வெளியே பெரிய சத்தம், ஆனால் கூடை தொங்கும் நடுப்பகுதிக்கு ஒன்றும் வந்து சேர்வதில்லை.

அலுமினியத் தாளை வெட்டி, அடித்தட்டைத் தொடாமல் செங்குத்தாகத் தொங்கவிட்டு அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை ஓட்டுங்கள். எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். மேகம் மறைக்கிறது என்றால் தாளின் கீழ் ஓரம் மட்டும் கிழிந்து சல்லடையாகியிருக்கும், மேலே வழவழப்பு கெடாமல் இருக்கும். நல்ல தொட்டியில் தாள் முழுக்கச் சின்னச் சின்னக் குழிகள் பரவலாக விழுந்திருக்கும். குழிகள் கிடைமட்டப் பட்டைகளாக, ஏறக்குறைய 18, 19 மில்லிமீட்டர் இடைவெளியில் இருந்தால் அது நிலையலை, அதாவது போகும் அலையும் திரும்பும் அலையும் சேர்ந்து ஒரே இடத்தில் நிற்கும் அலை. 40 கிலோஹெர்ட்ஸில் தண்ணீருக்குள் அரை அலைநீளம் அவ்வளவுதான் வரும். சோதனை முடிந்ததும் தாளின் துகள்களை வடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் அடித்தட்டில் தங்கி அதையே அரிக்க உதவும்.

மருந்து: வலுவைக் குறையுங்கள், அல்லது விட்டு விட்டு ஓட்டும் பல்ஸ் முறைக்கு மாற்றுங்கள். காற்றை வெளியேற்றும் வேலையை மறுபடி செய்யுங்கள். குறைத்ததும் காதுக்குச் சத்தம் தணிந்து, தாளில் குழி கூடினால், அதுதான் சரியான இடம். ஹைட்ரோபோன் இருப்பவர்கள் அதைக் கூடை தொங்கும் உயரத்தில் வைத்து, 100 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே ஹார்மோனிக் கோடுகளுக்கு இடைப்பட்ட பகுதியின் இரைச்சலை மட்டும் அளக்கலாம். கோடுகளின் உயரத்தை நம்பாதீர்கள், நொறுங்காமல் வெறுமனே ஆடும் குமிழிகளும் அவற்றைத் தூக்கிக் காட்டும். நொறுக்கத்தின் அளவைச் சொல்வது இடைப்பட்ட இரைச்சல்தான். ஹைட்ரோபோனை வேண்டிய நேரத்துக்கு மேல் உள்ளே விட்டுவைக்காதீர்கள், அதையும் குமிழிகள் அரிக்கும்.

சத்தம் அலைபாய்கிறது, ஏறுகிறது, இறங்குகிறது

நீர்மட்டம் சில மில்லிமீட்டர் மாறினாலே நிலையலையின் பொருத்தம் மாறிவிடும். ஆவியாகிக் குறைந்த தண்ணீரை நிரப்பிப் பாருங்கள். சூடு ஏறும்போது ஒலியின் வேகமும் ஏறுவதால், தொட்டி சூடாகிக்கொண்டிருக்கும் நேரத்தில் இந்த ஏற்ற இறக்கம் சகஜம். ஸ்வீப் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். அதிர்வெண் கொஞ்சம் முன்னும் பின்னும் நகர்வதால் பட்டைகள் ஒரே இடத்தில் நிற்காது. ஸ்வீப்பே ஒரு நடுக்கமான சத்தத்தைக் கொடுக்கும், அதைப் பழுது என்று நினைக்க வேண்டாம்.

சூடு ஏறியதும் சத்தம் அடங்கிவிடுகிறது

கெட்டிலில் தண்ணீர் கொதிப்பதற்கு முன் இரைந்து, கொதித்ததும் அடங்குவதைக் கேட்டிருப்பீர்கள். அடியில் பிறக்கும் நீராவிக் குமிழிகள் மேலே உள்ள குளிர்ந்த நீரில் நொறுங்குவதுதான் அந்த இரைச்சல். முழுத் தண்ணீரும் சூடானதும் நொறுங்காமலே மேலே வந்துவிடும். தொட்டியிலும் அதேதான். நீராவி அழுத்தம் 20 டிகிரியில் 2.3 கிலோபாஸ்கல், 60இல் 20, 80இல் 47. வளி அழுத்தமே 101தான். 80 டிகிரியில் நொறுங்கப் போகும் குமிழிக்குள் அதில் கிட்டத்தட்டப் பாதி எதிர்த்து நிற்கிறது. குமிழிகள் நிறைய பிறக்கும், ஆனால் அடி மெத்தென்று விழும். தண்ணீர் சார்ந்த கரைசலுக்கு 50 முதல் 60 டிகிரி வரை வைத்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாக இருக்கும். மீயொலியே தண்ணீரைச் சூடாக்கும் என்பதால், ஹீட்டரை அணைத்த பிறகும் தெர்மாமீட்டரை ஒருமுறை பாருங்கள்.

புரோப் வகைக் கருவி வீறிடுகிறது

ஹார்ன் என்ற உலோகத் தண்டை நேராகத் திரவத்துக்குள் இறக்கி அதிரவைக்கும் கருவி இது. 20 கிலோஹெர்ட்ஸ் ஹார்னில் சப்ஹார்மோனிக் 10 கிலோஹெர்ட்ஸில், காது நன்றாகக் கேட்கும் இடத்தில் விழும். ஆகவே காதுக்கவசம் கட்டாயம், பக்கத்து மேசைக்காரருக்கும் சேர்த்து. ஆனால் உலோகம் உரசுவது போன்ற வீறிடல் வந்தால் உடனே நிறுத்துங்கள். ஹார்ன் மூட்டு தளர்ந்திருக்கலாம், முனை பாத்திரத்தைத் தொடலாம். மூட்டைக் கழற்றி இரண்டு முகங்களையும் துடைத்து, கருவியோடு வந்த ஸ்பேனரால் இறுக்குங்கள். வீறிடலோடு நுரையும் வந்தால் முனை போதுமான ஆழத்தில் இல்லை, மேலிருந்து காற்றை இழுக்கிறது. இன்னும் கொஞ்சம் ஆழத்தில் இறக்குங்கள். எல்லாம் சரியாக இருந்தும் நாளாக நாளாகச் சத்தம் மந்தமானால் முனையைப் பாருங்கள். சுவருக்கு அருகில் நொறுங்கும் குமிழி உருண்டையாக நொறுங்காது, ஒரு பக்கம் குழிந்து சுவரை நோக்கி ஊசி போன்ற நீர்த்தாரையைப் பாய்ச்சும். முனை சாம்பல் நிறமாகி ஆரஞ்சுத் தோல் போலச் சொரசொரப்பாக இருந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

போன் ஆப்பில் 8 கிலோஹெர்ட்ஸில் ஒரு கோடு, காதுக்கோ எதுவும் கேட்கவில்லை

40 கிலோஹெர்ட்ஸ் தொட்டிக்கு அருகில் இது அடிக்கடி வரும். போன் நொடிக்கு 48,000 மாதிரிகள் எடுத்தால் 24 கிலோஹெர்ட்ஸ் வரைதான் உண்மையைக் காட்ட முடியும். அதற்கு மேலே உள்ளதை வடிகட்டி முழுசாகத் தடுக்காவிட்டால், 40 மடிந்து 48லிருந்து 40 போக 8 என்று திரையில் விழும். ஆப்பில் மாதிரி வேகத்தை 44,100க்கு மாற்றுங்கள். கோடு 4.1க்கு நகர்ந்தால் அது மடிந்து வந்த போலி, தொட்டியில் அப்படி எதுவும் இல்லை. நகராமல் 8இலேயே நின்றால் அங்கே உண்மையிலேயே ஒரு சத்தம் இருக்கிறது. 40இல் 8 என்பது ஐந்தில் ஒரு பங்கு, குமிழிகளிடம் அரிதாகத்தான் எதிர்பார்க்கலாம். ஆகவே முதலில் மூடியையும் கூடையையும் எடுத்துவிட்டு, மேலே விசிலுக்குச் சொன்ன சோதனைகளைச் செய்யுங்கள். அதற்கும் முன்னால் போனை ஒரு மீட்டர் தள்ளி வைத்துப் பாருங்கள். மீயொலி பலமாக விழுந்து மைக் திணறினாலும் இல்லாத கோடுகள் முளைக்கும், தள்ளி வைத்ததும் அவை சட்டென்று காணாமல் போகும்.